கோழித் தீனியின் கதை: தவிட்டிலிருந்து மரபணு மாற்றச் சோளம் வரை



வீட்டுக் கொல்லையில் நான்கைந்து கோழிகளை வளர்ப்பது மலேசியத் தமிழர்களுக்குப் புதிய செய்தி அன்று. தோட்டப்புற லயங்களின் பின்னால் கோழிக் கூண்டு இல்லாத வீட்டைக் காண்பது அரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தபோது கோழிகளும் நம் வாழ்விலிருந்து விடைபெற்றன. இன்று, சிறிதளவேனும் மண் உள்ள வீடுகளில் அவை மீண்டும் தலைகாட்டுகின்றன. சில பள்ளிகளின் அறிவியல் தோட்டங்களிலும் கோழிக் கூடு இடம்பெறுகின்றது.

அவ்வாறு கோழி வளர்க்கும் பெற்றோர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "கடையில் விற்கும் தீனியைக் கொடுக்கலாமா? அல்லது இயற்கை வேளாண்மையில் விளைந்த, மரபணு மாற்றம் செய்யப்படாத தீனியைத் தேடித்தான் வாங்க வேண்டுமா?"

இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலாது. கோழித் தீனிக்கு நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் மிக முக்கியமான பக்கம் ஒன்று நம் மலாயா மண்ணில், நம் முன்னோர் உண்ட சோற்றை வைத்தே எழுதப்பட்டது. அதனை அறிந்துகொண்டால், இன்றைய கேள்விக்கான விடையை நாமே கண்டுகொள்ளலாம்.

தானியம் தேடி வந்த பறவை

நம் வீட்டுக் கோழியின் மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி ஆகும். மலாய் மொழியில் இதனை 'ஆயாம் ஹுத்தான்' என்பர். இது எப்போது, எங்கே வீட்டுப் பறவையாயிற்று என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்தது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, நடுத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளே உறுதியாக வீட்டுக் கோழி எனக் கொள்ளத்தக்கவற்றுள் மிகப் பழையவை என்று கூறியது. அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது.

அந்த ஆய்வு கூறும் காரணம் நம் கவனத்திற்குரியது. மனிதன் காட்டுக்குள் சென்று கோழியைப் பிடித்து வந்து பழக்கினான் என்பதைவிட, மனிதன் காட்டை அழித்து நெல்லும் தினையும் விதைத்தபோது, சிந்திய தானியத்தைத் தேடிக் கோழி தானே மனிதனிடம் வந்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதாவது, மனிதனுக்கும் கோழிக்கும் உள்ள உறவு தீனியில்தான் தொடங்கியது.

தமிழர் வாழ்விலும் இக்காட்சி பழமையானது. பூம்புகாரின் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலை, முற்றத்தில் உலரும் தானியத்தைக் கவர வந்த கோழியைத் தன் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டும் பெண்ணைக் காட்டுகிறது. அந்நகரின் செல்வத்தைக் கூற வந்த காட்சி அது. ஆயினும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கோழித் தீனி எதுவென்பதையும் அது போகிற போக்கில் நமக்குச் சொல்லிவிடுகிறது.

பழங்காலக் கோழி தானியத்தை மட்டுமே உண்டு வாழ்ந்ததில்லை. மண்ணைக் கிளறிப் புழுவையும் பூச்சியையும் தின்றது. பசும்புல்லைக் கொத்தியது. குருணை, தவிடு, கழுநீரில் தங்கிய பருக்கை என அடுப்பங்கரையில் மிஞ்சியதைப் பெற்றுக்கொண்டது. தமிழகச் சிற்றூர்களில் பழைய பானையில் வைக்கோலும் சாணமும் இட்டுத் தரையில் கவிழ்த்து வைத்து, அதில் ஏறும் கறையானைக் குஞ்சுகளுக்குக் கொட்டுவது வழக்கம். புரதம் என்ற சொல்லை அறியாத மக்கள், குஞ்சுக்குப் புரதம் வேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

பத்தாவியாவின் நோயுற்ற கோழிகள்

கோழி உண்ணும் தீனி மனித மருத்துவத்தின் போக்கையே மாற்றிய நிகழ்வு, டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் நடந்தது. அக்காலத்தில் 'பெரிபெரி' என்னும் நோய் இவ்வட்டாரத்தை வாட்டி வந்தது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். படைவீரர்கள், சிறைக்கைதிகள், சுரங்கத் தொழிலாளர்கள் எனக் கூட்டமாக வாழ்ந்தோர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். நோய்க்கிருமியே காரணம் என அனைவரும் நம்பினர்.

அக்கிருமியைக் கண்டறியும் பணி, இன்று ஜக்கார்த்தா என வழங்கும் பத்தாவியாவில் இருந்த மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1888இல் அவர் அங்குள்ள ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். ஆய்வுக்காக வளர்த்த கோழிகள் சில காலத்தில் தாமாகவே நோயுற்றன. தள்ளாடி நடந்தன, விழுந்தன, மூச்சுவிட முடியாமல் மடிந்தன. பெரிபெரிக்கும் இதற்கும் ஒற்றுமை இருப்பதை ஐக்மன் கண்டார். ஆனால் காரணம் புலப்படும் முன்பே, எஞ்சிய கோழிகள் வந்த சுவடு தெரியாமல் நலம் பெற்றன.

விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆய்வுக்கூடப் பணியாளர் சிக்கனம் கருதி, இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார். பின்னர்ப் புதிய சமையற்காரர் ஒருவர் பொறுப்பேற்றார். இராணுவத்தின் அரிசியைப் பொதுக் கோழிகளுக்குக் கொடுக்க அவர் மறுத்துவிட்டார்! சூன் 17 முதல் நவம்பர் 27 வரை வெள்ளைச் சோறு. சூலை 10இல் நோய் தொடக்கம். நவம்பர் இறுதியில் நோய் நீக்கம். இவ்வாறு நாட்கள் பொருந்தி வந்ததை ஐக்மனே பிற்காலத்தில் தம் நோபல் உரையில் எடுத்துக் கூறினார்.

அதன்பின் அவர் முறையாகச் சோதித்தார். தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட கோழிகள் நோயுற்றன. உமி மட்டும் நீக்கிய, தவிடு போகாத அரிசியை உண்டவை நலமாக இருந்தன. நோயுற்றவற்றுக்குத் தவிட்டைக் கொடுத்தால் அவை தேறின. அவருடைய நண்பர் வோர்டர்மன், ஜாவாவிலும் மதுராவிலும் ஏறத்தாழ 100 சிறைகளில் இருந்த சுமார் 280,000 கைதிகளின் உணவை ஆராய்ந்தார். வெள்ளை அரிசி வழங்கிய சிறைகளில் பெரிபெரி மிகுந்திருந்தது. தவிட்டரிசி வழங்கிய சிறைகளில் அது மிக அரிதாகவே காணப்பட்டது.

ஆயினும், வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உள்ளது. தவிடு அதனை முறிக்கிறது என்றே ஐக்மன் முதலில் கருதினார். நஞ்சு எதுவும் சேர்க்கப்படவில்லை. தேவையான ஒன்று நீக்கப்பட்டுவிட்டது என்று 1901இல் விளக்கியவர், அவருக்குப் பின் பணியாற்றிய கெரிட் கிரைன்ஸ் ஆவார். அப்பொருளே பின்னர் 'தயமின்' எனப்படும் வைட்டமின் பி1 என அறியப்பட்டது. 1926இல் அதே பத்தாவியாவில், யான்சென், டோனாத் என்னும் இருவர் அரிசித் தவிட்டிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். 1929இல் ஐக்மன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் முன்னோரின் புழுங்கலரிசி

இதே காலத்தில் மலாயாவிலும் பெரிபெரி கோரத் தாண்டவம் ஆடியது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் மாண்டனர். ஆனால், அவர்களைப் போலவே கடின உழைப்பிலும் வறுமையிலும் உழன்ற தமிழ்த் தொழிலாளர்களை இந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. இது ஏன்?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதனைக் கூர்ந்து நோக்கினார். சீனர்கள் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். தமிழர்கள் புழுங்கலரிசியை உண்டனர். மலாய்க்காரர்கள் தாமே விளைவித்துத் தாமே குத்திய நெல்லை உண்டனர். வேறுபாடு அரிசியில் இருப்பதாக அவர் 1907இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் அழிவதில்லை. நம் பாட்டிமார்கள் எந்த ஆய்வுக்கூடத்திற்கும் செல்லாமலேயே இந்தப் பயனைப் பெற்று வந்தனர்.

1905, 1906ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர், நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். நோயும் மரணமும் வெள்ளை அரிசி உண்டோரையே தாக்கின. அடுத்து, 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும், ஜெலுபு வட்டாரத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதனை மீண்டும் சோதித்தனர். முடிவு மாறவில்லை. பின்னர் அவர்கள் கோழிகளுக்கு வெவ்வேறு வகை அரிசியையும் தவிட்டின் சாற்றையும் கொடுத்து, எந்த அரிசி பாதுகாப்பானது என்று கணிக்க வழி கண்டனர்.

நோயாளிகளையும் தொழிலாளர்களையும் இவ்வாறு சோதனைக்கு உட்படுத்தியது இன்றைய அறநெறிக்கு ஒவ்வாதது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அதில் கிடைத்த பாடத்தை மறக்கலாகாது. கண்ணுக்கு வெண்மையாகவும் தூய்மையாகவும் தோன்றிய அரிசியே குறையுள்ள அரிசியாக இருந்தது. தீனியைத் தேர்ந்தெடுப்போர் கேட்க வேண்டிய முதற்கேள்வி இங்கேதான் பிறக்கிறது: இதிலிருந்து எது நீக்கப்பட்டுள்ளது? இது முழுமையான உணவா?

கொல்லையிலிருந்து ஆலைக்கு

வைட்டமின்கள் அறியப்பட்ட பின்னர்க் கோழி வளர்ப்பு தலைகீழாக மாறியது. அதுவரை வெயில் படாமல் அடைத்து வளர்த்த குஞ்சுகளுக்குக் கால்கள் வலுவிழந்து வளைந்துவிடும். 1920களில், மீன் எண்ணெயில் உள்ள வைட்டமின் டி அதனைத் தடுக்கும் என்று தெரிந்தது. எனவே, கோழிகளைக் கூரைக்கு அடியிலேயே ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கில் வளர்க்க முடிந்தது. மண்ணைக் கிளறித் தன் குறையைத் தானே நிரப்பிக்கொண்ட பறவை, மனிதன் கலந்து கொடுக்கும் மூட்டையை மட்டுமே நம்பி வாழத் தொடங்கியது.

1940களின் இறுதியில், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸும் அவருடைய குழுவினரும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தயாரிக்கும்போது எஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். குஞ்சுகள் வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்தன. நோய் தீர்க்கும் மருந்து, அதன்பின் எடை கூட்டும் தீனியாயிற்று. ஆனால் சிறு அளவில் நாள்தோறும் மருந்தைக் கொடுத்தால் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி முதல், வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லியைத் தீனியில் கலப்பதைத் தடை செய்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாகக் கருதப்படும் 'கோலிஸ்டின்' மருந்தை உணவுக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை மலேசியா 2019 சனவரி முதல் தடை செய்தது.

இங்கே பிறப்பது இரண்டாவது கேள்வி: இதில் எது சேர்க்கப்பட்டுள்ளது?

சேர்க்கை எப்போதும் ஆலையில்தான் நிகழும் என்பதில்லை. இயற்கையும் நஞ்சு கலக்கும். 1960இல் இங்கிலாந்தில் 100,000க்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூத்த பூஞ்சையே அதற்குக் காரணம் எனப் பின்னர்க் கண்டறிந்தனர். அப்பூஞ்சை உண்டாக்கும் நஞ்சுக்கு 'அஃப்லடாக்சின்' என்று பெயர். இந்நஞ்சு நமக்கும் அந்நியமானதன்று. 1988இல் பேராக் மாநிலத்தில், நூடல்ஸ் உண்ட 13 குழந்தைகள் கல்லீரல் பாதிக்கப்பட்டு உயிரிழந்த துயரத்திலும் இதன் கைவரிசை இருந்தது. நம் நாட்டின் ஈரக்காற்றில் எந்தத் தானியமும் விரைவில் பூஞ்சை பிடிக்கும். இயற்கை வேளாண்மையில் விளைந்த சோளத்திற்கும் இதில் விலக்கு இல்லை.

மரபணு மாற்றச் சோளமும் சோயாவும்

இன்றைய கோழித் தீனியில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அடுத்த பெரும்பங்கு சோயாப் புண்ணாக்கு. இவ்விரண்டையும் மலேசியா பெரும்பாலும் இறக்குமதியே செய்கிறது. அர்ஜென்டினாவும் பிரேசிலும் சோளத்தின் முதன்மை ஊற்றுகள். 'நாட்டுக்கோழி', 'கம்பத்துக் கோழி' என்று நாம் பெருமையோடு அழைக்கும் பறவையும், மூட்டைத் தீனியை உண்ணுமானால், தென்னமெரிக்க வயலைச் சாப்பிடுகிறது என்பதே உண்மை. இந்தச் சார்பின் விலையை 2022இல் கண்டோம். உக்ரேன் போரினால் தானிய விலை உயர்ந்த வேளையில், உள்நாட்டில் கோழி தட்டுப்பட்டது. மாதந்தோறும் 36 இலட்சம் கோழிகள் வரையிலான ஏற்றுமதியை மலேசியா சூன் 1 முதல் நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் வரை அதன் அதிர்வு சென்றது.

மரபணு மாற்றப்பட்ட சோயாவும் சோளமும் 1996இல் அமெரிக்காவில் வணிக அளவில் பயிரிடப்பட்டன. அதே ஆண்டில் அர்ஜென்டினாவும் மரபணு மாற்றச் சோயாவை ஏற்றது. சில ஆண்டுகளில் பிரேசிலும் சட்டப்படி அனுமதித்தது. களைக்கொல்லி தெளித்தாலும் பயிர் சாகாமல் களை மட்டும் சாகும் வகையிலும், தண்டைத் துளைக்கும் புழுவைப் பயிரே கொல்லும் வகையிலும் இவை உருவாக்கப்பட்டன. இன்று அந்நாடுகளில் விளையும் சோயாவும் சோளமும் பெரும்பாலும் இத்தகையவையே. மலேசியாவில் 2007ஆம் ஆண்டின் உயிரியற் பாதுகாப்புச் சட்டம் 2009 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் உணவுக்கும் தீவனத்திற்கும் எனப் பல மரபணு மாற்றச் சோள, சோயா வகைகளுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டுள்ளது. ஆகவே, 'மரபணு மாற்றம் செய்யப்படாதது' என்று வெளிப்படையாகக் குறிக்கப்படாத மூட்டையில் அது இருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

இது தீங்கானதா? இவ்விடத்தில் ஆசிரியர்கள் மிகுந்த பொறுப்போடு பேச வேண்டும். மாற்றப்பட்ட மரபணு முட்டையின் வழியாகக் குழந்தையின் உடலுக்குள் புகுந்துவிடும் என்ற அச்சத்திற்குச் சான்று இல்லை. உண்ணும் மரபணு எதுவாயினும் கோழியின் வயிற்றில் செரிக்கப்படுகிறது. 2016இல் அமெரிக்க தேசிய அறிவியற் கழகங்கள் வெளியிட்ட விரிவான அறிக்கையும், ஒப்புதல் பெற்ற மரபணு மாற்ற உணவுகள் ஏனையவற்றைவிடக் கூடுதல் தீங்கு விளைவிப்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே கூறியது. அச்சமூட்டும் குறுஞ்செய்திகளைப் பரப்புவது கல்வியாளர்க்கு அழகன்று.

அப்படியானால் மரபணு மாற்றமில்லாத் தீனியைத் தேடுவோர் அறியாதவர்களா? இல்லை. அவர்களுக்கு வேறு வலுவான காரணங்கள் உண்டு. ஒரே பயிர், ஒரே களைக்கொல்லி என்று ஆண்டுதோறும் நிலத்தை நடத்தினால், அம்மருந்துக்கு அடங்காத களைகள் தோன்றுகின்றன, தெளிப்பும் கூடுகிறது. விதையின் உரிமை உழவனிடமிருந்து நிறுவனத்திற்குக் கைமாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் களைக்கொல்லியைத் தெளிப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்வியை மலேசியத் தமிழர்கள் பிறரிடமிருந்து கற்க வேண்டியதில்லை. நம் தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து 'பாராகுவாட்' தெளித்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் நம் தாய்மார் எண்ணற்றோர். நகம் உதிர்ந்து, மூக்கில் இரத்தம் கசிந்து, கண் எரிந்து அவர்கள் பட்ட பாட்டை தெனாகானித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளிக்கொணர்ந்தது. அரசு அதே ஆண்டில் தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை 2020 சனவரியில்தான் நடப்புக்கு வந்தது. பாராகுவாட் வேறு, மரபணு மாற்றச் சோயாவில் தெளிக்கப்படும் கிளைபோசேட் வேறு. இரண்டின் நச்சுத்தன்மையும் ஒன்றல்ல. ஆனால், வயலில் நிற்பவரின் உடல்நலத்தையும் விலையில் சேர்த்து எண்ண வேண்டும் என்ற நியாயம் ஒன்றே. மூன்றாவது கேள்வி இதுதான்: இது எங்கே, யாருடைய உழைப்பில், எவ்வாறு விளைந்தது?

'இயற்கை' என்ற முத்திரை

இயற்கை வேளாண்மை என்பது வெறும் விளம்பரச் சொல் அன்று. அதற்கு வரையறை உண்டு. செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, மரபணு மாற்ற விதை ஆகியவற்றைத் தவிர்த்து, சான்றளிக்கும் அமைப்பின் கண்காணிப்பில் விளைந்ததே அப்பெயருக்கு உரியது. அனைத்துலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1999இல் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. 2001இல் கால்நடைகளுக்கான பகுதியையும் சேர்த்தது. மலேசியாவும் 2001இல் எம்.எஸ். 1529 என்னும் தரத்தை வகுத்தது. ஆனால் அது தாவர உணவுகளுக்கானது. எனவே கீரைக்கு உள்ள முத்திரையைக் கண்டு பழகிய நாம், முட்டையையும் தீனியையும் வாங்கும்போது எந்த நாட்டின், எந்த அமைப்பின் சான்று அதில் உள்ளது என்று பார்த்து வாங்குதல் வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்வோம். முறையான சான்று பெற்ற இயற்கைத் தீனியில் மரபணு மாற்றப் பயிர் இடம்பெறலாகாது. ஆனால் 'மரபணு மாற்றமில்லாதது' என்பதெல்லாம் இயற்கைத் தீனி ஆகிவிடாது. அந்தச் சோளம் இரசாயன உரத்திலும் களைக்கொல்லியிலும் விளைந்ததாக இருக்கலாம். 'மூலிகை', 'கம்பத்து', 'நாட்டு' முதலிய சொற்களோ தீனி எங்கே விளைந்தது என்பதைப் பற்றி எதுவுமே கூறுவதில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கண்ட மூன்று கேள்விகளையும் வரலாறு கற்பித்த அதே வரிசையில் கேட்பதே சிறப்பு.

முதலாவது, முழுமை. குஞ்சுகளுக்கு நூற்றுக்குப் பதினெட்டு முதல் இருபது பங்கு புரதம் தேவை. முட்டையிடும் கோழிக்குச் சுமார் பதினாறு பங்கு புரதமும், மூன்றரை முதல் நான்கு பங்கு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அச்சுண்ணாம்பு மிகுந்த தீனியைக் குஞ்சுக்குக் கொடுத்தால் அதன் சிறுநீரகம் கெடும். முட்டைக் கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை உண்ணும். கம்பத்துக் கோழி அதைவிடக் குறைவாக உண்ணும். 'இயற்கைச் சோளம்' ஒன்றை மட்டும் விலை கொடுத்து வாங்கிப் போடுவது, பத்தாவியாவின் வெள்ளைச் சோற்றை வேறு நிறத்தில் போடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, தூய்மை. தயாரித்த நாளைப் பாருங்கள். முகர்ந்து பாருங்கள். தவிடு விரைவில் சிக்குப்பிடிக்கும். சிறிது சிறிதாக வாங்குங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மீது வைத்து மூடுங்கள். பூஞ்சை பிடித்ததைக் காயவைத்துக் கொடுக்காமல் எறிந்துவிடுங்கள். வெயிலில் அந்நஞ்சு போய்விடும் என்று நம்ப முடியாது. குஞ்சுத் தீனியில் மருந்து கலந்துள்ளதா என்பதையும் சீட்டில் படித்தறியுங்கள்.

மூன்றாவது, மூலம். வசதி உள்ளோர் சான்று பெற்ற இயற்கைத் தீனியை வாங்கலாம். அது நல்ல செயல். வசதி இல்லாதோர் வருந்த வேண்டியதில்லை. நல்ல தரமான வழக்கமான தீனியை அடிப்படையாகக் கொண்டு, அயல்நாட்டுச் சோளத்தின் பங்கைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். குருணை, தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கைக்கீரை, அசோலா, கழிவில் வளரும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழு ஆகியவை நம் சூழலிலேயே கிடைப்பவை. இவற்றைத் துணையாகக் கொடுக்க வேண்டுமே தவிர, முழுத் தீனியாக மாற்றலாகாது. பச்சைச் சோயாவை வறுக்காமல் கொடுக்கக்கூடாது. அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உள்ளது. மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுப்பதும் ஆபத்து.

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெற்றோர், முத்திரைக்காகப் பெருந்தொகை செலவிட்டு, அளவைக் குறைத்துக் கோழியைப் பட்டினி போடுவதைவிட, முழுமையான சாதாரணத் தீனியை வயிறாரக் கொடுப்பது மேலானது. அதே வேளையில், வசதி வரும்போது வயலில் உழைப்பவரையும் நினைத்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. கோழித் தீனி மூட்டையில் தைத்திருக்கும் சீட்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். அதில் உள்ள புரத விழுக்காட்டைக் கணிதத்திற்கும், சத்துகளை அறிவியலுக்கும், சோளம் வந்த வழியை உலக வரைபடத்தில் தேடுவதற்கும் பயன்படுத்தலாம். கூடவே, புழுங்கலரிசிச் சோறு உண்டு பெரிபெரியிலிருந்து தப்பிய நம் தோட்டத் தொழிலாளர்களின் கதையையும் சொல்லுங்கள். மலேசிய வரலாற்றில் தம் முன்னோருக்கு இப்படியும் ஓர் இடம் உண்டு என்பதை அறியும்போது மாணவர்களின் முகம் மலரும்.

தங்கள் இல்லத்திலோ பள்ளியிலோ கோழி வளர்ப்போர், உள்நாட்டில் கிடைக்கும் பொருளைக் கொண்டு தாம் கலந்துவரும் தீனியைப் பற்றி எழுதி அனுப்பினால் மற்றவர்க்கும் பயன்படும்.